விண்டோஸ் - யுனிக்ஸ் கோப்புப் பகிர்வு: உரிமைச் சிக்கலை ஒழுங்காகத் தீர்ப்பது எப்படி?

விண்டோஸிலிருந்து பகிர்வு ஃபோல்டரில் ஒரு கோப்பைச் சேமிக்கிறீர்கள். லினக்ஸில் இருப்பவர் அதைத் திருத்தப் போனால் 'பர்மிஷன் டினைடு' என்று வருகிறது. உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நோபடி' என்று நிற்கிறது. சில நேரம் பெயரே இல்லாமல் 1003 என்று வெறும் எண்ணாக இருக்கிறது. தேடினால் எங்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 777 போடு (எல்லாருக்கும் எல்லா அனுமதியையும் திறந்துவிடு). போட்டால் அன்றைக்கு வேலை ஓடும். அடுத்து ஒரு புதிய கோப்பு உருவானதும் மறுபடி அதே கதை.

இந்தச் சிக்கலில் நானும் நிறைய நேரத்தைத் தொலைத்திருக்கிறேன். தெளிந்த பிறகு கையில் மிஞ்சியது இதுதான்: உரிமை கோப்போடு கூடவே பயணம் செய்வதில்லை. கோப்பு எந்த டிஸ்க்கில் போய் உட்காருகிறதோ, அந்தக் கணினிதான் வந்தவர் யார் என்று தன் கணக்குப்படி பார்த்து ஓர் அடையாளத்தைக் குத்துகிறது. அதனால் உரிமையாளர் யார் என்று மல்லுக்கட்டுவதில் பயன் குறைவு. குழுவைச் சரியாக அமைத்துவிட்டால் உரிமையாளர் யாராக இருந்தாலும் வேலை நடக்கும்.

கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். 'சிஎச்', 'எஸ்எம்பி' என்று தொடங்கும் கட்டளைப் பெயர்களின் நடுவே உள்ள கோடு படிக்க வசதிக்காக மட்டும், தட்டும்போது வேண்டாம்.

1. கோப்பு எங்கே குடியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

யுனிக்ஸ் சர்வரில் கோப்பு இருந்து, விண்டோஸ்காரர்கள் சாம்பா (யுனிக்ஸ் கோப்புகளை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) வழியாக வருகிறார்கள் என்றால் படி 3, 4, 5 உங்களுக்கு. கோப்பு விண்டோஸில் இருந்து, லினக்ஸ் அதை மவுண்ட் செய்கிறது (தன் ஃபோல்டர் போல இணைத்துக்கொள்கிறது) என்றால் படி 6. என்எஃப்எஸ் (யுனிக்ஸ் உலகின் கோப்புப் பகிர்வு முறை) என்றால் படி 7. யுஎஸ்பி டிஸ்க், ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம், விண்டோஸுக்குள் ஓடும் டபிள்யூஎஸ்எல் என்றால் படி 8. படி 2 எல்லாருக்கும் பொது.

இதைத் தீர்மானிக்காமல் கட்டளை தட்டத் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்த்த பொறி. விண்டோஸ் டிஸ்க்கில் உள்ள கோப்பின் மேல் லினக்ஸில் நின்றுகொண்டு எத்தனை முறை 'சிஎச்-ஓன்' (உரிமையாளரை மாற்றும் கட்டளை) போட்டாலும் அங்கே எதுவும் மாறாது.

2. ஆவணம், செலவு, நேரம்

தொடங்கும் முன் நான்கு விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பயனர் பட்டியல். யார் யார், விண்டோஸில் என்ன பெயரில் நுழைகிறார்கள், யுனிக்ஸில் என்ன பெயர், என்ன எண். யுனிக்ஸ் பக்கம் 'ஐடி கதிர்' என்று தட்டினால் பயனர் எண்ணும் குழு எண்களும் வரும். விண்டோஸில் 'ஹூஆம்ஐ /யூசர்' என்று தட்டினால் பெயரும், எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட பாதுகாப்பு அடையாளமும் வரும்.

இரண்டு, சாம்பா அமைப்புக் கோப்பின் நகல். பெரும்பாலான லினக்ஸ்களில் அது /இடிசி/சாம்பா ஃபோல்டரில் 'எஸ்எம்பி.கான்ஃப்' என்ற பெயரில் இருக்கும்.

மூன்று, இப்போதுள்ள அனுமதிகளின் பதிவு. இதைத் தவிர்க்காதீர்கள். யுனிக்ஸில் அந்த ஃபோல்டருக்குள் நின்று 'கெட்எஃப்ஏசிஎல் -ஆர் .' என்று (ஆர் பெரிய எழுத்து) தட்டி, வரும் விடையை வேறோர் இடத்தில் ஒரு கோப்பில் திருப்பிவிடுங்கள். பின்னால் ஏதாவது குளறுபடி ஆனால், ரூட் (யுனிக்ஸ் நிர்வாகி) ஆக அதே ஃபோல்டரில் நின்று 'செட்எஃப்ஏசிஎல் --ரீஸ்டோர்=' என்று அந்தக் கோப்பைக் கொடுத்தால் அனுமதி மட்டுமல்ல, உரிமையாளரும் குழுவும்கூடப் பழையபடி திரும்பும். விண்டோஸ் பக்கம் இதே வேலைக்கு 'ஐகேக்கல்ஸ்' கட்டளையில் '/சேவ்' இருக்கிறது. அடியில் உள்ளவற்றையும் சேர்க்க '/டி' கொடுங்கள். திருப்பும்போது '/ரீஸ்டோர்' கட்டளையை அந்த ஃபோல்டருக்கு மேலே உள்ள ஃபோல்டரில் கொடுக்க வேண்டும். அதே ஃபோல்டரில் கொடுத்துவிட்டு 'கோப்பு கிடைக்கவில்லை' என்ற செய்தியைப் பார்த்து விழிப்பவர்கள் ஏராளம்.

நான்கு, சர்வரில் ரூட் அனுமதி. சாதாரணப் பயனர் தன் கோப்பையே இன்னொருவர் பெயருக்கு மாற்ற யுனிக்ஸ் விடாது. தான் உறுப்பினராக உள்ள குழுவுக்கு மாற்ற மட்டும் விடும்.

செலவு என்று பார்த்தால் சாம்பா இலவசம். லினக்ஸ் பக்கம் தேவைப்படும் 'சிஃப்ஸ்-யூட்டில்ஸ்' தொகுப்பும் இலவசம். விண்டோஸ் ஹோம் பதிப்பில் என்எஃப்எஸ் கிளையன்ட் கிடையாது. அந்த வழியில் போக நினைப்பவர்கள் புரோ பதிப்பு வாங்கும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்பா இருக்கும்போது அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நேரம்: அமைப்பை எழுத அதிக நேரம் ஆகாது. பழைய கோப்புகளைத் திருத்துவதுதான் இழுக்கும். லட்சக்கணக்கில் கோப்புகள் இருந்தால், சுழலும் டிஸ்க்கில் ஒரு 'சிஎச்-ஓன்' முடியவே வெகுநேரம் ஆகலாம். யாரும் வேலை செய்யாத நேரத்தைப் பிடியுங்கள். யார் இணைந்திருக்கிறார்கள், எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதை 'எஸ்எம்பி-ஸ்டேட்டஸ்' காட்டிவிடும்.

3. பெயரை விட்டு எண்ணைப் பாருங்கள்

யுனிக்ஸ் கோப்பில் உரிமையாளர் பெயர் எழுதப்படுவதில்லை, எண்தான் எழுதப்படுகிறது. 'எல்எஸ் -எல்' காட்டும் பெயர், அந்த எண்ணை உள்ளூர்ப் பட்டியலில் தேடிப் பார்த்துக் காட்டுவது. அதனால் 'எல்எஸ் -எல்என்' என்று தட்டுங்கள். எண் அப்படியே வரும்.

உபுண்டு, டெபியன், ஃபெடோராவில் முதல் சாதாரணப் பயனருக்கு 1000 கிடைக்கும். மேக்கில் அது 501. ரூட் எப்போதும் 0. நோபடி என்பது லினக்ஸில் பெரும்பாலும் 65534. ஒரு கணினியில் 1000 கதிர், இன்னொன்றில் 1000 மீனா என்று இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி மாட்டியதும் கதிரின் கோப்பெல்லாம் மீனாவுடையதாகத் தெரியும். யாரும் திருடவில்லை, எண் ஒன்று என்பதுதான் காரணம்.

எண் தெரிந்ததும் நோயும் ஓரளவு தெரிந்துவிடும்:

- எண் 65534, அல்லது நோபடி: சாம்பா உங்களை விருந்தினராக உள்ளே விட்டிருக்கிறது. படி 5 பாருங்கள்.
- பெயர் வராத எண்: அந்தப் பயனரை நீக்கிவிட்டார்கள், அல்லது கோப்பு வேறு கணினியிலிருந்து எண்ணோடு வந்திருக்கிறது. 'ஃபைண்ட்' கட்டளையில் '-நோயூசர்' கொடுத்தால் இப்படிப்பட்ட எல்லாவற்றையும் பட்டியலிடும்.
- எண் 0: யாரோ 'சூடோ' (ரூட் அனுமதியில் ஓட்டும் கட்டளை) போட்டு நகலெடுத்திருக்கிறார்கள், அல்லது லினக்ஸில் விண்டோஸ் ஷேரை எண் குறிப்பிடாமல் மவுண்ட் செய்திருக்கிறார்கள்.
- எண் 4294967294: விண்டோஸின் என்எஃப்எஸ் கிளையன்ட் பெயர் தெரியாமல் எழுதியது.

விண்டோஸ் பக்கத்திலும் இதே கதை வேறு உருவில் உண்டு. கோப்பின் பண்புகளில் செக்யூரிட்டி தாவலைத் திறந்தால் 'யுனிக்ஸ் யூசர்\கதிர்' என்றோ, எஸ்-1-22-1-1000 என்றோ தெரியலாம். பயப்பட வேண்டாம். விண்டோஸ் கணக்கு இல்லாத யுனிக்ஸ் பயனருக்குச் சாம்பா கொடுக்கும் அடையாளம் அது. கடைசியில் உள்ள 1000 அவருடைய எண். நடுவில் 22-2 என்று இருந்தால் அது குழு எண்.

4. சாம்பா சர்வரைச் சரியாக அமைப்பது

பெரும்பாலானோருக்குத் தேவைப்படும் படி இதுதான், அதனால் நிதானமாகப் போவோம். குழுவின் பெயர் 'பகிர்வு', ஃபோல்டர் /எஸ்ஆர்வி/பொது என்று வைத்துக்கொள்கிறேன்.

*முதலில் ஆட்கள்.* 'குரூப்ஆட் பகிர்வு' என்று குழுவை உருவாக்குங்கள். 'யூசர்மாட் -ஏஜி பகிர்வு கதிர்' என்று (ஜி பெரிய எழுத்து) ஒவ்வொருவரையும் சேருங்கள். இங்கே அந்தச் சிறிய 'ஏ' முக்கியம். அதை விட்டுவிட்டு 'ஜி' மட்டும் போட்டால் கதிர் ஏற்கெனவே இருந்த மற்றக் கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றப்படுவார். சூடோ குழுவும் அதில் போய்விடும்.

குழுவில் சேர்த்தது ஏற்கெனவே நுழைந்திருப்பவருக்குத் தெரியாது. வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் நடைமுறைக்கு வரும். 'ஐடி' என்று மட்டும் தட்டினால் இப்போதைய அமர்வின் நிலையும், 'ஐடி கதிர்' என்று தட்டினால் பட்டியலில் உள்ள நிலையும் வரும். இரண்டும் வேறுபட்டால் அவர் இன்னும் வெளியேறி வரவில்லை என்று பொருள்.

சாம்பாவுக்கெனத் தனிக் கடவுச்சொல் வேண்டும். 'எஸ்எம்பி-பாஸ்வேர்டு -ஏ கதிர்' கட்டளை அதை உருவாக்கும் (கடைசிச் சொல்லைச் சுருக்கி 'பாஸ்டபிள்யூடி' என்று தட்ட வேண்டும்). அதே பெயரில் யுனிக்ஸ் பயனர் முன்னதாகவே இருக்க வேண்டும். யுனிக்ஸ் கடவுச்சொல்லை மாற்றினால் சாம்பா கடவுச்சொல்லும் தானாக மாறிவிடும் என்று நினைக்காதீர்கள்.

*அடுத்து ஃபோல்டர்.* 'சிஎச்-ஜிஆர்பி பகிர்வு /எஸ்ஆர்வி/பொது' என்று குழுவை மாற்றிவிட்டு, 'சிஎச்-மோட் 2775' கொடுங்கள். முன்னால் உள்ள 2 செட்-ஜிஐடி. அது இருந்தால் உள்ளே யார் எதை உருவாக்கினாலும் குழு 'பகிர்வு' என்றே விழும். உள்ளே உருவாகும் ஃபோல்டர்களுக்கும் அந்த 2 தானாக இறங்கும். வெளியாட்கள் பார்க்கவும் கூடாது என்றால் 2770.

*பிறகு அமைப்புக் கோப்பு.* ஷேரின் பகுதியில் இந்த வரிகள்:

பாத் = /எஸ்ஆர்வி/பொது
ரீட் ஒன்லி = நோ
வேலிட் யூசர்ஸ் = @பகிர்வு
ஃபோர்ஸ் குரூப் = +பகிர்வு
கிரியேட் மாஸ்க் = 0664
ஃபோர்ஸ் கிரியேட் மோட் = 0664
டைரக்டரி மாஸ்க் = 2775
ஃபோர்ஸ் டைரக்டரி மோட் = 2775

'மாஸ்க்' என்பது கத்தரிக்கோல். அதில் இல்லாத அனுமதியை வெட்டிவிடும், இல்லாததைத் தராது. 'ஃபோர்ஸ்' என்று தொடங்குபவை சேர்த்துக் கொடுக்கும். இரண்டும் வேண்டும். எதுவும் எழுதாவிட்டால் கிரியேட் மாஸ்க் 0744 என்று சாம்பா எடுத்துக்கொள்ளும். அதில் குழுவுக்கு எழுதும் அனுமதியே கிடையாது. 'நான் சேமித்ததை மற்றவரால் திருத்த முடியவில்லை' என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இந்த ஒற்றை எண்தான்.

ஃபோர்ஸ் குரூப் வரியில் உள்ள கூட்டல் குறி, ஏற்கெனவே அந்தக் குழுவில் இருப்பவருக்கு மட்டும் அதை முதன்மைக் குழுவாக்கும். குறி இல்லாவிட்டால் ஷேருக்குள் வரும் எல்லாருக்கும் குழு கிடைத்துவிடும்.

எழுதியதும் 'டெஸ்ட்பார்ம்' ஓட்டுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும். பின் 'எஸ்எம்பி-கன்ட்ரோல் ஆல் ரீலோட்-கான்ஃபிக்'. சோதிக்கும் விண்டோஸ் கணினியில் இணைப்பை ஒரு தடவை துண்டித்துவிட்டு மறுபடி இணையுங்கள். பழைய இணைப்பிலேயே சோதித்துவிட்டு 'மாறவில்லையே' என்று குழம்ப வேண்டாம்.

*யுனிக்ஸ் பக்கத்திலிருந்து எழுதுபவர்கள்.* மேலே சொன்ன மாஸ்க் எதுவும் இவர்களைக் கட்டுப்படுத்தாது. அவர்களுடைய யூமாஸ்க் (புதுக் கோப்பில் எந்த அனுமதியைக் கழிப்பது என்ற எண்) 022 என்றால் கோப்பு 644 ஆகவே பிறக்கும். குழுவால் திருத்த முடியாது. யூமாஸ்கை 002 ஆக்கலாம். ஆனால் ஒவ்வொருவரையும் கெஞ்சிக்கொண்டிருப்பதைவிட ஃபோல்டரிலேயே இயல்புநிலை ஏசிஎல் (உள்ளே பிறப்பவற்றுக்கான அனுமதிப் பட்டியல்) வைப்பது நல்லது: 'செட்எஃப்ஏசிஎல் -எம் டி:ஜி:பகிர்வு:ஆர்டபிள்யூஎக்ஸ் /எஸ்ஆர்வி/பொது'. இயல்புநிலை ஏசிஎல் உள்ள ஃபோல்டரில் யூமாஸ்க் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளப்படாது. இது இனிப் பிறக்கும் கோப்புகளுக்கு மட்டும்தான்.

*பழைய கோப்புகள்.* 'சிஎச்-ஜிஆர்பி -ஆர் பகிர்வு' கட்டளையைப் பெரிய எழுத்து ஆர் போட்டு ஓட்டுங்கள். பிறகு 'சிஎச்-மோட் -ஆர் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ்', இதில் முதல் ஆரும் கடைசி எக்ஸும் பெரிய எழுத்து. பெரிய எக்ஸ் ஃபோல்டருக்கும், ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ள கோப்புக்கும் மட்டும்தான் இயக்க அனுமதி தரும். சிறிய எக்ஸ் போட்டால் படமும் ஆவணமும்கூட இயக்கக்கூடிய நிரல் ஆகிவிடும். கடைசியாக 'ஃபைண்ட் /எஸ்ஆர்வி/பொது -டைப் டி' மூலம் ஃபோல்டர்களுக்கு மட்டும் 'ஜி+எஸ்' கொடுங்கள்.

விலகிப்போன ஒருவரின் கோப்புகளை மட்டும் மாற்ற வேண்டுமானால் 'சிஎச்-ஓன் -ஆர் --ஃப்ரம்=1003 மீனா' என்று (ஆர் பெரிய எழுத்து) தட்டி, பின்னால் ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். 1003 உடையவை மட்டும் மீனாவுக்குப் போகும். மற்றவை அப்படியே இருக்கும்.

*உரிமையாளர் அடிக்கடி மாறுவது.* புதியவர்களைக் கலங்கடிக்கும் ஒன்று. கதிர் உருவாக்கிய வேர்டு ஆவணத்தை மீனா திறந்து திருத்திச் சேமிக்கிறார். 'எல்எஸ் -எல்' பார்த்தால் உரிமையாளர் மீனா! காரணம் எளிது. வேர்டு பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. தற்காலிகமாகப் புதுக் கோப்பு ஒன்றை எழுதி, பழையதை ஒதுக்கிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. புதிய கோப்பைப் பிறப்பித்தவர் மீனா என்பதால் உரிமையும் அவருக்கு. குழு அனுமதி சரியாக இருந்தால் இதனால் ஒரு பாதகமும் இல்லை, விட்டுவிடலாம். கட்டாயம் ஒரே பெயர்தான் இருக்க வேண்டுமென்றால் 'இன்ஹெரிட் ஓனர் = எஸ்' என்ற வரி, புதுக் கோப்புகளை ஃபோல்டரின் உரிமையாளர் பெயரிலேயே எழுத வைக்கும்.

'ஃபோர்ஸ் யூசர்' என்று இன்னொரு வரி உண்டு. யார் வந்தாலும் ஒரே பயனராகவே நடத்தும். வீட்டில் படம், பாட்டு வைக்கும் ஷேருக்கு இது போதும். வேலை நடக்கும் இடத்தில் வேண்டாம். யார் அழித்தார் என்று கேட்டால் உரிமையாளர் பெயரை வைத்துச் சொல்ல வழியிருக்காது.

விண்டோஸ் பக்கத்தில் யாராவது செக்யூரிட்டி தாவலுக்குப் போய் அனுமதியைக் கிண்டிக் கெடுத்துக்கொண்டே இருந்தால் 'என்டி ஏசிஎல் சப்போர்ட் = நோ' போட்டு அந்தக் கதவை மூடலாம்.

5. விண்டோஸ் உங்களை யாரென்று சொல்லி அனுப்புகிறது?

விண்டோஸ் சர்வருக்குப் போகும்போது முதலில் நீங்கள் கணினியில் நுழைந்த பெயரையே நீட்டும். அந்தப் பெயர் சாம்பாவில் இல்லை, அங்கே 'மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்' என்ற வரி இருக்கிறது, ஷேரும் விருந்தினருக்குத் திறந்திருக்கிறது என்றால், சத்தமில்லாமல் நோபடி ஆகி உள்ளே போய்விடுவீர்கள். டெபியன், உபுண்டுவில் இந்த வரி நிறுவும்போதே வந்துவிடுகிறது. 'நெவர்' என்று மாற்றுங்கள். கடவுச்சொல் கேட்பது நல்லதுதான்.

புதிய விண்டோஸ்கள் இதை வேறு விதமாகத் தடுக்கின்றன. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து என்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் விருந்தினர் நுழைவு மூடப்பட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் புரோவிலும் அப்படித்தான். 'நேற்று வரை திறந்த ஷேர் அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை' என்றால் பெரும்பாலும் இதுவே. ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழையபடி திறக்கச் சொல்லும் குறிப்புகள் உலவுகின்றன. அதைவிட ஆளுக்கொரு சாம்பா கணக்கு கொடுப்பது வேகமாக முடியும்.

அடுத்த பொறி 1219 என்ற பிழை எண். ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. 'நெட் யூஸ்' தட்டி எந்தெந்த இணைப்புகள் உள்ளன என்று பாருங்கள். 'நெட் யூஸ் * /டெலீட்' எல்லாவற்றையும் துண்டிக்கும். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜருக்குள் பழைய கடவுச்சொல் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள். பிறகு பயனர் பெயரைக் குறிப்பிட்டு இணையுங்கள்.

6. விண்டோஸ் ஷேரை லினக்ஸில் மவுண்ட் செய்யும்போது

இங்கே டிஸ்க்கை வைத்திருப்பது விண்டோஸ். லினக்ஸில் தெரியும் உரிமையாளர் ஒரு முகமூடி மட்டுமே. மவுண்ட் செய்யும்போது நீங்கள் சொல்லும் எண்ணை லினக்ஸ் எல்லாக் கோப்புக்கும் மாட்டிவிடும். சொல்லாவிட்டால் ரூட் என்று காட்டும். வழக்கமான பயனரால் எழுத முடியாமல் போவது அதனால்தான்.

'சிஃப்ஸ்' (விண்டோஸ் ஷேருக்கான) வகை மவுண்டில் இந்த விருப்பங்களைக் கொடுங்கள்: யூஐடி=1000, ஜிஐடி=குழு எண், ஃபைல்_மோட்=0664, டிர்_மோட்=0775. கடவுச்சொல்லை எஃப்எஸ்-டேபில் (லினக்ஸ் தொடங்கும்போது எதையெதை மவுண்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) நேரடியாக எழுதாதீர்கள். அந்தக் கோப்பை எல்லாரும் படிக்கலாம். தனிக் கோப்பில் யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டு வரியாக எழுதி, ரூட் உரிமையில் 600 ஆக்கி, 'கிரெடென்ஷியல்ஸ்=' மூலம் காட்டுங்கள். சர்வர் அணைந்திருந்தால் லினக்ஸ் தொடங்கும்போதே நின்றுபோகாமல் இருக்க 'நோஃபெயில்' சேருங்கள்.

கவனிக்க: லினக்ஸில் எத்தனை பேர் அந்த மவுண்டைப் பயன்படுத்தினாலும், விண்டோஸுக்கு எல்லாரும் அந்தக் கடவுச்சொல்லுக்குரிய ஒரே ஆள்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும் விண்டோஸ் என்றால் பயனர் பெயராக மின்னஞ்சல் முகவரியையும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுங்கள். திரையில் தட்டும் பின் எண் இங்கே செல்லாது.

லினக்ஸில் எல்லாம் 664 என்று தெரிந்தும் எழுத முடியவில்லையா? விண்டோஸில் இரண்டு பூட்டுகள் உண்டு: ஷேர் அனுமதி ஒன்று, என்டிஎஃப்எஸ் அனுமதி ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். ஷேர் அனுமதியில் 'எவ்ரிஒன் - ரீட்' என்று மட்டும் இருப்பது வழக்கமான குற்றவாளி.

பழைய கணினியிலிருந்து வந்த டிஸ்க்கில் 'அக்கவுன்ட் அன்னோன்' என்று தெரிந்தால், நிர்வாகியாகத் திறந்த கட்டளைத் திரையில் 'டேக்ஓன் /எஃப் ஃபோல்டர் /ஆர்' போட்டு உரிமையை எடுத்துக்கொண்டு, 'ஐகேக்கல்ஸ் ஃபோல்டர் /ரீசெட் /டி' மூலம் மேல் ஃபோல்டரின் அனுமதிகளை இறக்குங்கள். விண்டோஸின் சொந்த சிஸ்டம் ஃபோல்டர்களில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

7. என்எஃப்எஸ்

வழக்கமான என்எஃப்எஸ், கிளையன்ட் சொல்லும் எண்ணை அப்படியே நம்பும். விண்டோஸுக்கு அந்த எண் கிடையாது. ரெஜிஸ்ட்ரியில் மென்பொருள் கிளையில் மைக்ரோசாஃப்ட், கிளையன்ட்ஃபார்என்எஃப்எஸ், கரன்ட்வெர்ஷன், டீஃபால்ட் என்று இறங்கி, 'அனானிமஸ்-யூஐடி', 'அனானிமஸ்-ஜிஐடி' என்று இரண்டு டிவேர்டு மதிப்புகளை (இடையில் கோடு இல்லாமல்) உருவாக்கி உங்கள் எண்களைப் பதின்ம முறையில் கொடுங்கள். பிறகு என்எஃப்எஸ் கிளையன்டை நிறுத்தித் தொடங்குங்கள். அந்தக் கணினியைப் பலர் பயன்படுத்தினால் எல்லாரும் அதே எண்தான். அதற்குப் பதில் சர்வர் பக்கமே 'ஆல்_ஸ்குவாஷ்', 'அனான்யூஐடி', 'அனான்ஜிஐடி' கொடுப்பது இன்னும் சுத்தம்.

8. யுஎஸ்பி, இரட்டை இயங்குதளம், டபிள்யூஎஸ்எல்

எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் உரிமையாளர் என்ற விஷயமே இல்லை. மவுண்ட் செய்யும்போது யூஐடி, ஜிஐடி, யூமாஸ்க் சொல்வதோடு சரி. என்டிஎஃப்எஸ் டிஸ்க் லினக்ஸில் படிக்க மட்டும் திறந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை. விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். அதை நிறுத்திவிட்டு முழுதாக அணைத்து வாருங்கள்.

டபிள்யூஎஸ்எல்லில் /எம்என்டி/சி அடியில் எல்லாமே 777 என்று தெரிவதும், 'சிஎச்-மோட்' போட்டாலும் ஒட்டாமல் இருப்பதும் பலர் பார்த்திருப்பீர்கள். எஸ்எஸ்எச் தனிச் சாவியை அங்கே வைத்தால், அனுமதி அகலமாக இருக்கிறது என்று சொல்லி எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொடவே மறுக்கும். /இடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் ஆட்டோமவுண்ட் பகுதியின் ஆப்ஷன்ஸ் வரியில் 'மெட்டாடேட்டா' என்பதோடு யூஐடி, ஜிஐடி, யூமாஸ்க் எழுதுங்கள். பின் விண்டோஸ் பக்கம் 'டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்' தட்டி, சில விநாடிகள் பொறுத்துத் திறங்கள். உடனே திறந்தால் பழைய அமர்வே தொடர்ந்துவிடலாம்.

9. எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கிறதா?

'நேம்ஐ -எல்' என்று தட்டிக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். வேரிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். உள்ளே 2775 போட்டுவிட்டு, மேலே ஒரு ஃபோல்டர் 700 ஆக இருப்பது இதில் பளிச்சென்று தெரியும். பயனர் ஒருவரின் வீட்டு ஃபோல்டருக்குள் பொது ஷேரை வைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது.

ஃபெடோரா, ரெட் ஹேட் வகை என்றால் எஸ்இ-லினக்ஸைப் (வழக்கமான அனுமதிக்கு மேல் உள்ள கூடுதல் பாதுகாப்பு) பாருங்கள். ஃபோல்டருக்கு 'சாம்பா_ஷேர்_டி' என்ற முத்திரை வேண்டும். 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' மூலம் விதியை எழுதி 'ரீஸ்டோர்கான் -ஆர்' ஓட்டுங்கள். எஸ்இ-லினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. இரண்டு கட்டளையில் முடியும் வேலை இது.

டொமைனில் (பல கணினிகளுக்குப் பொதுவான விண்டோஸ் பயனர் கணக்கு அமைப்பு) சேர்ந்த பல சாம்பா சர்வர்கள் இருந்து, ஒன்றில் கதிருக்கு 11105, இன்னொன்றில் 10003 என்று வந்தால், எண்ணை அவை தனித்தனியே வழங்குகின்றன. எல்லாவற்றிலும் 'ஐடிமேப்' (விண்டோஸ் அடையாளத்தை யுனிக்ஸ் எண்ணாக்கும்) முறையை 'ஆர்ஐடி' ஆக்கி ஒரே எல்லையைக் கொடுங்கள். எல்லை 10000-இல் தொடங்கினால், விண்டோஸ் அடையாளத்தின் கடைசி எண் 1105 உடையவர் எல்லாச் சர்வரிலும் 11105 ஆவார். எல்லையைக் கோப்புகள் சேர்ந்த பிறகு மாற்றினால் பழையவை பழைய எண்ணிலேயே கிடக்கும். முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

கிட் (நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) களஞ்சியத்தைப் பகிர்வு ஃபோல்டரில் வைத்திருப்பவர்களுக்கு 'டுபியஸ் ஓனர்ஷிப்' என்ற செய்தி வரலாம். 2022-இல் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, வேறொருவர் உரிமையில் உள்ள களஞ்சியத்தில் வேலை செய்ய கிட் மறுக்கிறது. அந்த ஒரு பாதையை மட்டும் 'சேஃப்.டைரக்டரி' பட்டியலில் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். இயக்க அனுமதி மாறியதாகச் சொல்லி எல்லாக் கோப்பையும் மாற்றப்பட்டதாகக் காட்டினால், அந்தக் களஞ்சியத்தில் மட்டும் 'கோர்.ஃபைல்மோட்' என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.